காலியாகத் திரும்பிய டிபன் டப்பா

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அதிகாலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை நடக்கும் அமளியை நம் சங்க அன்பர்களுக்கு விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் குக்கர் கூவும். மறுபக்கம் காலுறைகளில் ஒன்று காணாமற்போகும். இத்தனை அவசரத்துக்கும் நடுவே, குழந்தையின் டிபன் டப்பாவில் எதை வைத்து அனுப்புவது என்ற கேள்வி நாள்தோறும் புதிதாகப் பிறக்கிறது. அதற்கு நல்ல விடை கண்டுவிட்டதாக நாங்கள் வெகுகாலம் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை கலைந்த கதையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்கோ பிறந்தது முதல் தில்லியே ஊர். பேச்சிலும் விளையாட்டிலும் அவள் இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்தாலும், உண்ணும் உணவிலாவது நம் மண்ணின் மணம் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதி. ஆகவே, ஒரு நாள் சாம்பார் சாதம், ஒரு நாள் புளியோதரை, ஒரு நாள் கூட்டாஞ்சோறு என்று முறை வைத்துக் கட்டிக் கொடுத்தோம். திருக்குறள் விரைவு வண்டியில் வரும் உறவினர் வசம் ஆச்சி கொடுத்தனுப்பும் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் துணைக்கு இருந்தன. டப்பா தவறாமல் காலியாகத் திரும்பியது. ஆச்சி தொலைபேசியில் விசாரிக்கும்போதெல்லாம், “ஒரு பருக்கைகூட மிச்சம் வைப்பதில்லை” என்று பெருமையோடு சொல்லி வந்தோம்.

சென்ற டிசம்பரில் ஒரு மாலை, எங்கள் குடியிருப்பின் காவலாளி எங்களைக் கண்டதும் வணங்கி, “உங்கள் மகளுக்கு மிகவும் நல்ல மனம். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் பூங்காவிலுள்ள நாய்க்குட்டிக்கு நாள் தவறாமல் சோறு வைக்கிறாள்” என்று இந்தியில் புகழ்ந்தார். நாங்கள் அந்தப் புகழுரையைக் கேட்டு நின்ற நிலையை என்னவென்று சொல்வது!

பிற பிள்ளைகள் நடுவே நம் உணவை உண்ணக் கூச்சப்படுகிறாள் என்றே முதலில் முடிவு கட்டினோம். கோபமும் வந்தது. தாய்மொழி, பண்பாடு, ஆச்சியின் உழைப்பு என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பிறகு அவள் சொன்னாள்: “அப்பா, எனக்குச் சாம்பார் சாதம் பிடிக்கும். ராத்திரி வீட்டில் சாப்பிடுகிறேன் அல்லவா? பள்ளியில் அது கல் மாதிரி ஆகிவிடுகிறது. இடைவேளை இருபது நிமிஷந்தான். கை கழுவக் குழாயடியில் வரிசை. நீங்கள் ஒரு நாள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தோம். காலை ஆறரை மணிக்குச் சாம்பார் சாதத்தை டப்பாவில் அடைத்துப் பால்கனியில் வைத்தோம். பத்தரை மணிக்கு, குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக அமர்ந்து திறந்தோம். மேலே நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. சோறு கட்டியாகி, கரண்டி இறங்க மறுத்தது. மூன்று கவளத்துக்கு மேல் எங்களால் உண்ண இயலவில்லை. எட்டு வயதுக் குழந்தை இதை எத்தனை நாள் திறந்து பார்த்து மூடியிருப்பாள் என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது. வீட்டில் சொன்னால் நாங்கள் வருந்துவோம் என்று அஞ்சியல்லவா அந்த நாய்க்குட்டியைத் தேடிக்கொண்டாள்!

நாங்கள் இருவரும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சத்துணவு உண்டு படித்தவர்கள். 1956-இல் காமராசர் காலத்தில் விரிவடைந்த மதிய உணவுத் திட்டம் எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்கள் தலைமுறைக்கும் சோறிட்டன. 2022 முதல் அங்கே காலை உணவும் வழங்கப்படுகிறது. அந்தச் சோறு அப்போதே பொங்கி ஆவி பறக்கத் தட்டில் விழுந்தது. எங்கள் மகளுக்கு நாங்கள் கொடுத்ததோ நான்கு மணி நேரம் தில்லிக் குளிரில் கிடந்த சோறு. பெயர் ஒன்றுதான், பண்டம் வேறு. உண்மையைச் சொன்னால், அந்த டப்பாவில் நாங்கள் வைத்து அனுப்பியது ஊரைப் பற்றிய எங்கள் ஏக்கத்தை. அவளுடைய பசியை நாங்கள் கேட்டறியவே இல்லை.

அதன் பிறகு சில மாறுதல்கள் செய்தோம். குளிர்காலத்தில் நெய்யும் தேங்காயெண்ணெயும் இறுகிவிடும், நல்லெண்ணெய் இறுகாது. ஆகவே, சிறு இட்டிலிகளை ஆச்சியின் பொடியிலும் நல்லெண்ணெயிலும் புரட்டி வைக்கிறோம். ஆறினாலும் மெத்தென்றிருக்கின்றன, கையும் அழுக்காவதில்லை. அரிசியில் குறைவாயுள்ள புரதக் கூறினை உளுந்து ஈடு செய்வதால் சத்துக்கும் குறைவில்லை. இங்கே குளிர்காலத்தில் மலிந்து கிடக்கும் வெந்தயக்கீரையைக் கோதுமை மாவில் பிசைந்து சப்பாத்தியாகச் சுருட்டித் தருகிறோம். இதன் பக்குவத்தைக் கற்றுக் கொடுத்தவர் மேல்மாடியில் வசிக்கும் பஞ்சாபி அம்மாள். ஒரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டல்; அதில் எலுமிச்சம்பழம் பிழிவது ருசிக்காக மட்டுமன்று, கடலையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேரவும் உதவுகிறது. கூடவே இரண்டு துண்டு கொய்யாப்பழம் அல்லது நான்கு ஆரஞ்சுச் சுளை.

கோடை வந்தால் கவலை வேறு. தேங்காய்ச் சட்டினி பத்து மணிக்குள் ஊசிப்போகும்; அதை அறவே விட்டுவிட்டோம். தயிர்சாதத்துக்கு நம் பாட்டிமார் கட்டுச்சோற்றில் கையாண்ட வழியே சிறந்தது. குழைந்த சோற்றை நன்றாக ஆறவிட்டு, பாலை மிகுதியாகவும் தயிரை ஒரு கரண்டியாகவும் சேர்த்துப் பிசைந்தால் இடைவேளைக்குள் புளித்துவிடாது. மேலே கொஞ்சம் மாதுளை முத்துக்களைத் தூவுகிறோம். டப்பாவையும் சிறியதாக மாற்றினோம். இருபது நிமிஷத்தில் உண்டு முடித்து, ஓடி விளையாடவும் நேரம் இருக்க வேண்டுமல்லவா?

இவற்றுக்கெல்லாம் மேலானது ஞாயிறு மாலை ஏற்பாடு. வரும் ஐந்து நாட்களின் உணவை மகளே ஒரு தாளில் தமிழில் எழுதுகிறாள். நான்கு நாட்கள் கலந்து பேசி முடிவு செய்வோம். ஒரு நாள் முழுதும் அவள் விருப்பம். அது பெரும்பாலும் உருளைக்கிழங்குப் பராத்தாவாக இருக்கிறது. அதனால் அவள் தமிழ் குறைந்துவிடவில்லை. “கூட்டாஞ்சோறு” என்பதில் எந்த “று” வரும் என்று இந்தத் தாளை எழுதித்தான் கற்றுக்கொண்டாள்.

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020-இல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் விதி பள்ளி வாசலைக் காக்கும். டப்பாவுக்குள் இருப்பதை நாம்தான் காக்க வேண்டும். அதைக் குழந்தை மனமுவந்து உண்கிறதா என்பதையும் நாம்தான் கேட்டறிய வேண்டும்.

இப்போது டப்பாவில் சில நாள் அரை இட்டிலி மிச்சம் வருகிறது. அதைப் பார்த்து நாங்கள் வருந்துவதில்லை. மற்றது அவள் வயிற்றுக்குத்தான் போயிற்று என்பதற்கு அதுவே சாட்சி. நாய்க்குட்டிக்குத் தனியாக ஒரு சப்பாத்தி உண்டு. சென்ற வாரம் ஆச்சி வழக்கம்போல், “எம் பொடியப் பிள்ளை சாப்பிடுதாளா?” என்று கேட்டார்கள். பதில் சொல்லும் பொறுப்பை மகளிடமே விட்டுவிட்டோம். “சாப்பிடுதேன் ஆச்சி, தீர்ந்துபோச்சு, இன்னும் அனுப்புங்க” என்றாள்.