படகு வராத நாளுக்கான பெட்டி

போர்ட் பிளேர்

அன்புள்ள மலர்,

டிசம்பர் விடுமுறைக்குக் குழந்தைகளோடும் மாமியாரோடும் அந்தமான் வரப்போவதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலையும் கவனமாகப் படித்தேன். சுறா, முதலை, பாம்பு பற்றிய கேள்விகள் முதலில் இருக்கின்றன. அடுத்து யாருக்கு எத்தனை உடுப்பு என்ற கணக்கு. மாமியாரின் இன்சுலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக ஒதுங்கியிருக்கிறது. இந்த வரிசையை நீ திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தீவில் நம்மைத் துன்புறுத்துபவை பெரும்பாலும் சாதாரண விஷயங்கள்தாம்: வெயில், தண்ணீர், வயிற்றுப்போக்கு, விட்டுப்போன மாத்திரை. ஊரில் இவற்றுக்கு அரை மணியில் வழி கிடைத்துவிடும். இங்கே நடுவில் கடல் இருப்பதால் அதே உதவி வர அரை நாள் ஆகலாம், கடல் கொந்தளித்தால் இரண்டு நாளும் ஆகலாம். அந்த இடைவெளியை நினைத்துத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 டிசம்பரில் சென்னை மரங்களைச் சாய்த்த வர்தா புயலை நீ மறந்திருக்க மாட்டாய். 12ஆம் தேதி சென்னையில் கரையைக் கடப்பதற்குச் சில நாள் முன்பு அது அந்தமானுக்கு அருகில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. படகுகள் நின்றுபோயின. ஹாவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தன. பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லாமல் தீவில் கூடுதலாக இரண்டு நாள் தங்குவது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப்பார். நீ வருவதும் அதே டிசம்பர். அதனால் மருந்து எதுவானாலும் பயண நாள்களுக்கு மேல் நான்கு நாளுக்குக் கூடுதலாக எடுத்துவை. சிறு தீவிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் ஏறும் நாளன்று திரும்பாதே, முந்தின நாளே வந்துவிடு. படகு ரத்தானாலும் விமானம் கையைவிட்டுப் போகாமல் இருக்க வேறு வழியில்லை. பணம் செலுத்த கைப்பேசி போதும் என்பாய். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் நன்றாகவே தேறியிருக்கிறது, உண்மை. ஆனால் மின்சாரமோ சிக்னலோ போகிற நேரமும் புயல் நேரமும் ஒன்றாகத்தான் வரும். கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். இன்னொன்று: ஹாவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் ஷாஹீத் தீவு, போர்ட் பிளேரே 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் வேறு பெயர் இருக்கிறதே என்று குழம்பாதே.

‘எல்லாம் அங்கேயே கிடைக்குமே, எதற்குச் சுமக்க வேண்டும்’ என்று உன் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பாதி சரி. போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேசி வேண்டியதெல்லாம் வாங்கலாம். இங்கே தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். செருப்பு, தொப்பி, துண்டு, சோப்பு இவற்றுக்காகப் பெட்டியில் இடம் ஒதுக்கத் தேவையே இல்லை. ஆனால் ஹாவ்லாக்கில் ராத்திரி ஒன்பது மணிக்கு, மாமியாருக்கு எழுதிக்கொடுத்த அதே நிறுவனத்தின் அதே அளவு இன்சுலின் கிடைக்குமா? அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேரில் உள்ள கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அரசுப் படகில் அது இரண்டரை மணி நேரப் பயணம், அதுவும் பகலில். ஆகவே ஒரு பொருளை எடுத்துவைக்கும்போது ‘இது அங்கே கிடைக்குமா’ என்று கேட்பதைவிட, ‘கிடைக்காமல் ஒரு ராத்திரி போனால் என்ன ஆகும்’ என்று கேட்டுப்பார். துண்டு இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்சுலின், இழுப்பு மருந்து, ரத்த அழுத்த மாத்திரை, மூக்குக் கண்ணாடிக்கு மாற்று, இவை அப்படியில்லை. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதே. விமானத்தின் அடியில் அது உறைந்துபோகக்கூடும், உறைந்தது பயன்படாது. கைப்பையில் ஃபிளாஸ்க்கில் வை, ஆனால் பனிக்கட்டியில் நேரே படக்கூடாது. மருந்துச் சீட்டை மேலேயே சொருகிவை. பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், அது விமான விதி.

அப்படியானால் எதையும் விடாமல் கட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்துதான், ஏனென்றால் இங்கே ஜெட்டியிலிருந்து படகுக்குக் கால் வைக்கும் இடத்தில் படகு ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஒரு கையில் குழந்தை, மறு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். சுமை முழுவதும் முதுகில் இருந்தால்தான் இது நடக்கும். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று வை. மருந்து, தண்ணீர், ஒரு மாற்றுடை, பணம், அடையாள அட்டை எல்லாம் முதுகுப்பையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. காற்றிலேயே ஈரம், ஜீன்ஸ் இரண்டு நாள் காயாது. மெல்லிய பருத்தியும் சீக்கிரம் உலரும் செயற்கைத் துணியும் போதும். உடுப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெயிலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கடிகாரமே நம்மை ஏமாற்றும். நம் நாடு முழுவதற்கும் ஒரே நேரம், அது 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குரியது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால், டிசம்பரில் சூரியன் உச்சிக்கு வருவது 11 மணி 20 நிமிடம் சுமாருக்கு. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே போகாதே என்ற நம் ஊர்ப் பாடம் இங்கே தவறாகிப்போகிறது. காலை ஒன்பதரைக்கே வெயில் கடுக்கத் தொடங்கிவிடும். மதியம் இரண்டுக்கு மேல் தணியும். மறுபுறம், மாலை ஐந்து மணி சற்றுத் தாண்டினால் சூரியன் மறைந்துவிடும், சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக. ‘ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும்’ என்று நம்பிக் காட்டுப்பாதைக் கடற்கரைக்குப் போனால் இருட்டில்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஆளுக்கொரு டார்ச் வேண்டும் என்பது இதனால்தான்.

நமக்கென்ன, நம் தோல் வெயில் கண்ட தோல் என்ற வாதத்தை நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கருமை ஓரளவு காக்கும் என்பது அறிவியலும் ஒப்புக்கொள்கிற ஒன்று. ஆனால் அது காப்பது தோலை மட்டும்தான், அதுவும் ஓரளவுக்கு. உடம்பின் நீர் வற்றுவதையோ கண்ணில் படும் ஒளியையோ அது தடுக்காது. நம் தோல் பழகியிருப்பது தெருவில் நடக்கிற வெயிலுக்கு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பவளப்பாறை பார்க்கும்போது முதுகும் பிடரியும் ஆடுதசையும் ஒரு மணி நேரம் அசையாமல் வெயிலில் கிடக்கின்றன. தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரிவதுமில்லை. இதற்குக் களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல், தண்ணீரில் கரையாது, மறுபடி பூச மறக்கவும் முடியாது. சட்டை மூடாத முகத்துக்கும் கைக்கும் காலுக்கும் மட்டும் களிம்பு போதும். அதிலும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாததாகப் பார்த்து வாங்கு. பவளத்துக்குக் கேடு என்று பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் அதைத் தடுத்துவிட்டன. மாமியார் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, வெயிலில் அந்த மாத்திரை உடம்பை மேலும் வற்றவைக்கும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்தாவது வை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த தூளைச் சொல்கிறேன், டப்பாவில் வருகிற இனிப்புப் பானத்தை அல்ல.

இனி நீ முதலில் கேட்டது. சுறாவால் உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பொதுவாகப் பத்துப் பேருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். நீரில் மூழ்கி 2021இல் மட்டும் இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் அச்சம் எங்கே இருக்க வேண்டும் என்று இந்த இரண்டு எண்களே சொல்கின்றன. முதலையை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். உப்புநீர் முதலைகள் இங்கே உண்மையாகவே உண்டு. 2010இல் ராதாநகர் கடற்கரைப் பக்கம் ஓர் அமெரிக்கப் பயணி முதலையால் உயிரிழந்தார். ஆனால் அதற்குப் பெட்டியில் வைக்க ஒன்றுமில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், ஓடை கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்திக் காட்டோரத்தில், இருட்டில் இறங்காமல் இருந்தாலே போதும். நீரோட்டம் வேறு கதை. நம் கரையோர மீனவர்கள் நீவாடு என்று சொல்லி அதன் போக்கை நாளும் பார்ப்பார்கள். கரைக்கு வந்த அலைநீர் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். எனக்குத்தான் நீந்தத் தெரியுமே என்பவர்கள்தாம் அதில் அதிகம் களைத்துப்போகிறார்கள், கரையை நோக்கி அதை எதிர்த்தே நீந்துவதால். அந்த இழுப்பு அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கை அசைக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை மணலில் கோடு போட்டுக் காட்டு. திருக்கையோ முள்மீனோ குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அரை மணி நேரமாவது வைத்திருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பவளத்துண்டு நிறைந்த கரையில் ரப்பர் அடிச்செருப்போடு நடந்தால் பெரும்பாலும் அதற்கே அவசியம் வராது.

சேற்றையும் அலட்சியம் செய்யாதே. அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று 1980களின் கடைசியில் இங்கே ஆட்களைக் கொன்ற மர்ம நோய் எலிக்காய்ச்சல்தான் என்று 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காயத்தில் பட்டால் அது வரும். கீறலை உடனே கழுவி மூடு, மழைக்குட்டையில் குழந்தைகளை வெறுங்காலோடு விடாதே. கொசுத் தைலம் எடுத்துவை. விடியலிலும் அந்தியிலும் மணலில் கடிக்கும் பூச்சிகளுக்கும் அது உதவும். கடிபட்ட இடத்தைச் சொறிந்தால்தான் புண்ணாகும். ஊர் திரும்பியபின் இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘அந்தமான் போயிருந்தோம்’ என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல். படகு வாந்திக்கான மாத்திரை ஏறுவதற்கு முன்பே போட்டால்தான் பயன். உன் கணவர் ஸ்கூபா முழுக விரும்பினால் அதை முதல் நாள்களில் வைத்துக்கொள்ளட்டும். முழுகியபின் ஒரு முழு நாளாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது.

எடையில்லாத சாமான் ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமெலு தீவு. அலை வந்துசேர அதிக நேரம் ஆகவில்லை, எச்சரிக்கைச் சங்கு எதுவும் இல்லை. ஆனால் சுமார் 78,000 பேரில் ஏழு பேர்தாம் இறந்தார்கள். 1907இல் வந்த ஆழிப்பேரலையைப் பற்றி ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மேட்டுக்கு ஓடு. நிக்கோபாரிலும் நாகப்பட்டினத்திலும் அன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லிக் கலவரப்படுத்துவானேன் என்று நீ தயங்கலாம். சிமெலுவின் பிள்ளைகள் தினம் பயந்துகொண்டு வாழவில்லை, கடலில்தான் விளையாடினார்கள். தங்குமிடம் போய்ச் சேர்ந்ததும் மேட்டுக்குப் போகும் பாதை எது என்று கேட்டு, மாலையில் குடும்பத்தோடு ஒருமுறை நடந்துவிட்டு வா. அதுவும் ஒரு உலாதானே.

நாம் இங்கே கொண்டுவரக் கூடாதவையும் உண்டு, மலர். இங்குள்ள பழங்குடியினரான ஜாரவா மக்கள் வெளியாரோடு பழகத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1999இலும் 2006இலும், அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் சளியும் காய்ச்சலும் அவர்களுக்கு அப்படியில்லை. வடக்கே சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகும் சாலை அவர்கள் காட்டின் ஊடாகப் போகிறது. வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் தின்பண்டம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். என்னைக் கேட்டால் அந்தச் சாலையில் போகாமலே விடுமுறை நிறைவாக முடியும். பிள்ளைகளின் தட்டம்மைத் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிடு. போகும்போது பவளமோ சிப்பியோ பெட்டியில் இருக்கக் கூடாது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். குழந்தை பொறுக்கிவைத்ததைக் கடைசி மாலையே கரையில் திரும்ப வைக்கச் சொல்.

திரும்பும் டிக்கெட்டை இன்றே பார். ஹாவ்லாக்கிலிருந்து வருவதும் விமானமும் ஒரே நாளில் இருந்தால் ஒன்றை மாற்று. தண்ணீர் விளையாட்டு ஏற்பாடு செய்பவரிடம் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள். பெரியவர்களுடையதைப் போட்டால் தண்ணீரில் அது காது வரை ஏறி, பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். சின்னவளின் எடையைச் சரியாகச் சொல். இரண்டு கால்களுக்கு நடுவே வரும் பட்டை இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தோழி