இரண்டு தாய்மார்

இப்படிப்பட்ட விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம். பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்? இந்தக் கதையில் தாய்மார் இருவர். இருவருக்கும் நாலு கால் என்பது ஒன்றுதான் வித்தியாசம்!

அவர்கள் சிவிங்கிப்புலிகள். சிறுத்தை என்று எண்ணிவிடாதீர்கள். சிவிங்கி ஒடிசலான பிராணி. ஓட்டத்தில் அதை மிஞ்சத் தரையில் வேறு மிருகம் கிடையாது. அழுதுவிட்டு முகம் துடைக்க மறந்தவள் மாதிரி, இரண்டு கண்களிலிருந்தும் வாய்வரை கறுப்புக் கோடு இறங்கும்.

அழுவதற்குக் காரணமும் இருக்கிறது. அடைத்து வளர்த்தால் இதற்குப் பிள்ளைப் பாக்கியம் அபூர்வம். அக்பர் பாதுஷா வேட்டைக்காக ஆயிரம் சிவிங்கிகள்வரை வைத்திருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் மொகலாய அரண்மனையில் குட்டி பிறந்ததாகக் கிடைக்கும் குறிப்பு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவர் அவர் மகன் ஜஹாங்கீர். 1613-இல் ஒரு கடுவன் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு பெண்ணிடம் போய்விட்டதாம். மூன்று குட்டிகள் பிறந்தன. அதற்குப் பிறகு அடைபட்ட சிவிங்கி ஈன்றதாகப் பதிவானது எப்போது தெரியுமா? 1956-இல், அமெரிக்காவில் பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில்!

ஏன் இப்படி? காட்டில் பெண் சிவிங்கி தனியே திரிகிற ஜீவன். இரண்டு பெண்களை ஒரே அடைப்பில் விட்டால், சினைப்பருவமே வராமல் நின்றுபோவதுண்டு. கூட்டுக் குடித்தனம் எல்லாருக்கும் ஒத்துவராது போலிருக்கிறது! ஆணிடமும் குறை உண்டு. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த இனம் அநேகமாக அழிந்தே போயிற்று. தப்பிப் பிழைத்த சிலவற்றின் வாரிசுகளே இன்று இருப்பவை. எல்லாம் நெருங்கிய உறவு. அதன் பலனாக ஆணின் உயிரணுக்களில் பெரும்பகுதி ஊனமாக இருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை என்னவென்று சொல்வேன்? கல்யாணமாகி ஏழு வருஷம்வரை, "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று என்னைக் கேட்காத உறவினர் கிடையாது. என் வீட்டுக்காரரை ஒருவராவது கேட்கவேண்டுமே! எட்டாம் வருஷம் அவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஓஹியோ மாகாணத்தில் கொலம்பஸ் மிருகக்காட்சி சாலையில் இருந்த கிபிபிக்கு ஆறரை வயது. ஒருமுறைகூடத் தாயானதில்லை. எட்டு வயதானால் சிவிங்கிக்குக் கருத்தரிப்பது மிகவும் கஷ்டம். ஸ்மித்சோனியன் நிறுவனத்து விஞ்ஞானிகளும் அங்குள்ள டாக்டர்களும் கூடி யோசித்தார்கள். கிபிபிக்கு ஊசி போட்டுக் கருமுட்டைகளை முதிர வைத்து, 2019 நவம்பர் 19-ஆம் தேதி வெளியே எடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் டெக்ஸாஸ். மாப்பிள்ளை வரவில்லை, உறைய வைத்திருந்த அவருடைய உயிரணுக்கள்தான் வந்தன! ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கரு உருவாயிற்று. இரண்டு நாள் கழித்து, மூன்று வயதுள்ள இஸ்ஸி என்ற இன்னொரு சிவிங்கியின் வயிற்றில் அதை வைத்தார்கள்.

இதற்கு முன் இருமுறை செய்து பார்த்துப் பலிக்கவில்லை. இந்தத் தடவை டிசம்பர் 23-இல் ஸ்கேன் எடுத்தபோது, ஒன்றல்ல, இரண்டு குட்டிகள் தெரிந்தன. 2020 பிப்ரவரி 19 அன்று ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் பிறந்தன. சிவிங்கி இனத்தில் இவ்விதம் பிறந்த முதல் குட்டிகள் அவைதாம்.

புலிக்கு இந்த வித்தை 1990-லேயே பலித்துவிட்டது. அமெரிக்காவில் ஒமாஹா நகரில் மூன்று குட்டிகள் பிறந்தன. 1999-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சாதாரண வீட்டுப் பூனை, ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் உறைந்த கருவைச் சுமந்து பெற்றது! ஆனால் ஒன்றுக்குப் பொருந்திய மருந்தும் அளவும் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. புலிக்கும் சிவிங்கிக்கும் இடையே முப்பது வருஷம் ஆகிவிட்டது.

இதனால் மட்டும் இனம் பிழைத்துவிடுமா என்றால், பிழைக்காது. காட்டில் மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 7,000 என்கிறார்கள். கருவை உறைய வைக்கலாம். புல்வெளியை உறைய வைக்க முடியுமா? அது இருந்தால்தான் குட்டிகளின் வம்சம் என்றைக்காவது ஓடி விளையாட முடியும்.

ஆயினும் ஒரு விஷயம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. இஸ்ஸிக்கும் அதுதான் தலைப்பிரசவம். தன் ரத்தத்தில் உதிக்காத அந்த இரண்டு குட்டிகளுக்கும் அவள் பாலூட்டிக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டாள். தனக்குப் பிள்ளைகள் பிறந்தது கிபிபிக்குத் தெரியவே தெரியாது. இருவரில் யார் தாய்?

என் நாத்தனார் பெற்ற பெண் மூன்று மாதக் குழந்தையாக என் மடிக்கு வந்தாள். இப்போது காலேஜுக்குப் போகிறாள். அவளுக்கு நானும் அம்மா, அவளும் அம்மா. அவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. நமக்கு மட்டும் ஏன் இருக்கவேண்டும்?