இரவல் நிரல்

நம் சங்கத்து அன்பர் இல்லங்களில் கணினித் தொழிலில் உள்ள பிள்ளைகள் பலர் உளராதலின் இதை எழுதத் துணிந்தேன்.

குடியாத்தத்திலிருந்து வந்து பலமனேரில் தக்காளி மண்டி நடத்தும் பெரியவர் ஒருவருக்கு, சில ஆண்டுகளுக்கு முன் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். குடியானவர் கொண்டுவந்த பெட்டி எத்தனை, போன விலை என்ன, அவருக்குச் சேரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பன யாவும் அதில் பதிவாகும். எழுதினேன் என்பதும் மிகையே. என் கைவேலை சிறிது. எஞ்சியவை திறமூல நூலகங்கள். அதாவது, எங்கோ எவரோ எழுதி, யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் விலையின்றி வழங்கிய நிரல் தொகுப்புகள். அவை இல்லையேல் அவ்வேலை பல ஆண்டு இழுத்திருக்கும்.

2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் நூலகத்தில் பெருங்குறை கண்டதாகச் செய்தி வந்தது. அதை நான் பயன்படுத்தவில்லை என்றே எண்ணியிருந்தேன். தேடிப் பார்த்தபோது, நான் எடுத்த நூலகம் தனக்குத் துணையாக எடுத்த மற்றொன்றினுள் அது அமர்ந்திருந்தது! நிகழ்வனவற்றைக் குறித்துவைப்பதே அதன் தொழில். சொன்னதை எழுதுவதோடு நின்றால் அவன் கணக்குப்பிள்ளை. இவனோ, எழுதச் சொன்ன வரியில் அயலான் முகவரி இருந்தால், எழுந்துபோய் அங்கே கொடுத்ததை வாங்கிவந்து நம் வீட்டிற்குள் அவிழ்த்தும் விடுவான். பெயர் எழுதும் கட்டத்தில் அத்தகைய வரி ஒன்றைத் தட்டினால் போதும். அபாயத்தின் அளவு பத்துக்குப் பத்து என மதிப்பிட்டார்கள். நம் அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரித்தது.

அன்றிரவே பெரியவருக்குச் சொன்னேன். “இலவசம் என்றால் இப்படித்தானே, தம்பி?” என்றார். அதை நான் ஒப்பவில்லை. விலை கொடுத்து வாங்குவதிலும் ஓட்டை உண்டு. ஆனால் திறந்து பார்க்கும் உரிமை நமக்கில்லை. இக்குறையைக் கண்டு அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தெரிவித்தவர் அலிபாபா நிறுவனத்தைச் சேர்ந்த சென் சாவ்ஜுன். திருத்தியவர்கள் தன்னார்வலர்கள். முதல் திருத்தம் போதாதென்று அம்மாதத்திற்குள் மேலும் மூன்று வெளியிட்டார்கள். நானும் நான்கு முறை மண்டிக் கணினியின்முன் உட்கார்ந்தேன். எவரும் நுழைந்த தடயம் தென்படவில்லை.

ஆயினும் யாவரும் பார்க்கலாம் என்பதனால் யாரோ பார்த்துவிட்டார் என்று ஆகாது. அக்குறை 2013 முதல் அங்கேயே கிடந்தது.

2024இல் வந்த செய்தி இன்னும் கலங்கச் செய்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ கருவியை லாசே காலின் என்பவர் ஏறக்குறையத் தனியொருவராகப் பேணிவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் அவருக்கு உதவி நம்பிக்கை பெற்று, பின் கள்ளக்கதவு ஒன்றைப் புகுத்தினார். கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுவதைக் கவனித்து, ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அவர் பொறுமையற்றவராயிருந்தது உலகின் நல்லூழ்!

அதன்பின் என் மென்பொருளில் உள்ள நூலகங்களுக்கெல்லாம் பட்டியல் எழுதினேன். நான் அறிந்து எடுத்தவை பதினொன்று. அவற்றின் பின்னே தாமாக வந்தவை எழுபதுக்கு மேல். பெரியவரிடம் ஒரு படி கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதும் படித்தவர், “இவர்களில் யாருக்காவது ஏதேனும் கொடுத்திருக்கிறாயா, தம்பி?” என்று கேட்டார்.

அன்றுவரை இல்லை.