அடக்க விலை

எங்கள் கும்மிடிப்பூண்டியில் சைலன்சர் என்றால் ஒரே பொருள்தான்: மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் புகைக்குழாய். உலகின் வேறு மூலைகளில் அதே சொல் துப்பாக்கியின் முனையில் திருகப்படும் ஓர் உருளையைக் குறிக்கிறது. நம்மவர்களுக்கு அது திரைப்படத்தில் மட்டுமே பரிச்சயம். கலைச்சொல்லாக்கம் செய்தவர்கள் இரண்டிற்கும் பொதுவாக 'ஒலியடக்கி' என்ற சொல்லைத் தந்தார்கள். அடக்கு என்னும் வினையின் விரிவு வியப்பூட்டுவது. புலன்களை அடக்குகிறோம், இறந்தவரை அடக்கம் செய்கிறோம், வள்ளுவர் அடக்கமுடைமையைப் பதின்மூன்றாம் அதிகாரமாக வைத்தார், நம் கடைக்காரர்களோ 'அடக்க விலைக்கே தருகிறேன்' என்று சத்தியம் செய்கிறார்கள். ஒலியை அடக்குவதற்கும் ஓர் அடக்க விலை உண்டு என்பதும், அதை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும் என்பதுமே சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செய்தி.

துப்பாக்கியின் சைலன்சரும் எஞ்சினின் சைலன்சரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹிரம் மாக்சிம் 1884இல் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். காலனிய நாடுகளின் மண்ணில் அந்தத் துப்பாக்கி செய்த வேலையை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அதன் ஓசைக்கு நடுவிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அவருடைய செவிகள் முதுமையில் ஏறத்தாழ முற்றிலும் அடைத்துப்போயின. அவருடைய மகன் ஹிரம் பெர்சி மாக்சிம்தான் 1909இல் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர். குளியல் தொட்டியில் நீர் சுழித்து வடிவதைப் பார்த்து அந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். வாயுவையும் அப்படிச் சுழல விட்டுத் தாமதப்படுத்தினால் ஓசை தணியும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் அவருடைய நிறுவனம் அதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைபோக்கிகளுக்குக் கொண்டு சென்றது. தந்தை உலகுக்கு ஓசையைக் கொடுத்துச் செவியை இழந்தார். மகன் ஓசையை விழுங்கும் கருவியைச் செய்தார். இதை ஒரு புனைகதையில் எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று நாமே குறை சொல்வோம்.

நம் பக்கத்திலும் இந்த உறவுக்கு ஒரு சான்று இருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் பழைய முத்திரையில் ஒரு பீரங்கி உண்டு. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பது அதன் பழைய விளம்பர வாசகம். இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்ததால் வந்த பெயர் அது. அதே என்ஃபீல்டின் பெயரைத் தாங்கிய பாயிண்ட் 303 துப்பாக்கியைத்தான் நம் காவலர்கள் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்தார்கள். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தயாரிப்பு தொடங்கியது. வண்டியின் பெயரே புல்லட். தோட்டாவும் துப்பாக்கியும் இப்படி நம் தெருவுக்குள் வாகனமாக வந்தபோது, சைலன்சரும் உடன் வந்தது.

துப்பாக்கிச் சைலன்சரைப் பற்றித் திரைப்படங்கள் சொல்வது பெரும்பாலும் பொய். இராணுவத் துப்பாக்கியின் தோட்டா ஒலியைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அது காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தச் சைலன்சராலும் ஒன்றும் செய்ய முடியாது. குழல்முனையில் பீறிடும் வாயுவின் வெடிப்பை மட்டுமே அது தணிக்கும். ஏறத்தாழ 160 டெசிபலில் இருபது முப்பது குறையலாம். மிஞ்சுவது மௌனம் அல்ல, கொஞ்சம் சிறிய இடி.

அந்தச் சிறு தணிப்புக்கு உள்ளிருக்கும் தகடுகள் கொடுக்கும் விலை பெரிது. உருளைக்குள் வரிசையாகத் தடுப்புத் தகடுகள் நிற்கின்றன. எரிந்தும் எரியாமலும் வரும் மருந்துத் துகள்கள், கொதிக்கும் வாயுவோடு சேர்ந்து முதல் தகட்டை மணல் கொண்டு அறுப்பதுபோல் அறுக்கின்றன. பின்னால் நிற்பவை நெடுநாள் பிழைக்கும். முன்னால் நிற்பது முதலில் தேயும். குழல் குட்டையாக இருந்தால் தேய்மானம் இன்னும் விரைவு. இடைவிடாமல் சுட்டால் உருளை சிவக்கும். சிவந்த எஃகு வலுவிழக்கும். டைட்டானியம் எடை குறைந்தது, ஆயினும் கடும் வெப்பத்தில் தளரும். ஆகவே முதல் தகட்டை மட்டும் நிக்கல், கோபால்ட் கலப்பு உலோகங்களில் செய்கிறார்கள். பராமரிப்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பெரிய துப்பாக்கியின் வாயு அழுக்கில் பெரும்பகுதியைத் தானே வெளியே தள்ளிவிடும். பாயிண்ட் 22 போன்ற சிறியவற்றில் ஈயம் படிந்துகொண்டே போகும். பிரித்துச் சுரண்டாவிட்டால் உருளையின் எடையே கூடிவிடும். சுரண்டுகிறவரின் மூச்சில் ஈயம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருகுமரை கோணலாகிவிடக் கூடாது. நூலளவு சாய்ந்தாலும் தோட்டா தகட்டையே துளைக்கும்.

இந்தியாவில் தனிமனிதர் இதை வைத்திருக்க இயலாது. துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவிகளை நம் படைக்கல விதிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. ஸ்டெர்லிங் வடிவமைப்பில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலையில் உருவான 2ஏ1 கார்பைன், குழலோடு சைலன்சரையும் சேர்த்துச் செய்யப்பட்ட ஒன்று. அது படையினருக்கே உரியது. நமக்கு வாய்த்தது புகைக்குழாய்தான்.

ஆனால் புகைக்குழாயின் சாவு வேறு விதம். அது உள்ளிருந்து துருப்பிடித்துச் சாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் சூடேறி அந்த ஈரம் காய்ந்துவிடும். வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை மட்டும் ஓடும் வண்டியில் அது குழாய்க்குள்ளேயே தங்கி, அமிலமாகி, இரும்பைத் தின்னும். வெளியே பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று தன் பங்கைச் செய்கிறது. ஜி.என்.டி. சாலையோரப் பட்டறைக்காரர் ஒருவர் குழாயை விரலால் தட்டிப் பார்த்தே எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்தில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி ஊறவைத்துக் கரியைக் கழுவியதை அவர் இன்றும் விவரிப்பார். 'இப்ப எவனும் சைலன்சரைக் காப்பாத்த வர்றதில்ல சார். கழட்டிப் போடத்தான் வர்றான்' என்றார் ஒருநாள்.

உண்மைதான். என் மாணவர்களிலேயே சிலர் வண்டி வாங்கிய வாரத்தில் அதன் சைலன்சரை மாற்றிவிடுகிறார்கள். பல நகரங்களில் காவல்துறை அப்படிப்பட்ட குழாய்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியும் வழக்கம் ஒழியவில்லை. ஒருநாள் மாலை எங்கள் ஊர் இலங்கைத் தமிழர் முகாமில், என் பழைய மாணவியின் வீட்டு வாசலில் அமர்ந்திருந்தேன். தெருவில் ஒரு புல்லட் வெடித்துக்கொண்டு போயிற்று. நான் திடுக்கிட்டேன், அவளுடைய தாய் அசையவே இல்லை. பழகிவிட்டதா என்று கேட்டேன். 'சத்தம் கேட்டால் அது எங்களுக்கு வந்ததில்லை எண்டு அர்த்தம், தம்பி. எங்களுக்கு வாறது சத்தத்துக்கு முன்னமே வந்திடும்' என்றார். ஒலியைவிட வேகமான தோட்டாவைப் பற்றிய இயற்பியலை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவர் அதை வேறு எங்கோ கற்றிருந்தார்.

எங்கள் ஊரின் பெரும் ஓசை புல்லட்டுடையதன்று. சிப்காட்டிலும் அதைச் சுற்றிலும் உருக்கு உலைகளும் ரோலிங் மில்களும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபலும் தொழிற்பகுதிக்கு 75 டெசிபலும் அனுமதிக்கின்றன. மதில் சுவருக்கு உள்ளே கணக்கு வேறு. எட்டு மணிநேர வேலைக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகள் வரம்பிட்டன. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புக் கூண்டு உண்டு, கம்ப்ரசருக்கும் சைலன்சர் உண்டு. பழுக்கக் காய்ந்த கம்பி உருளைகளுக்கிடையே அலறிக்கொண்டு வருவதற்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே முதல் தடுப்புத் தகடு, பக்கத்தில் நிற்கும் மனிதனின் காதுதான்.

எங்கள் தெருவில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு மில்லில் உழைத்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். செவிடு என்று யாரும் அவரைச் சொல்வதில்லை, அவரும் ஒப்புக்கொள்வதில்லை. பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பதுதான் புரிவதில்லை. இரைச்சல் முதலில் கொண்டுபோவது உச்சமான ஒலிகளைக் கேட்கும் திறனை. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது, அது தங்கிவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய ஒலிகள் உயர்ந்தவை, அவை மறையும். படம், தடம், கடம் மூன்றும் அவருக்கு ஒன்றே. உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. இலக்கணம் நடத்தும் எனக்கு இதைவிடக் கொடிய நோய் விளக்கம் தோன்றவில்லை. பேத்தியின் குரல் உச்சமானது என்பதால், வீட்டில் அவருக்கு மிகக் குறைவாகக் கேட்பது அவள் சொல்வதுதான்.

தேய்ந்த தகட்டை மாற்றலாம். ஓட்டை விழுந்த குழாயைக் கேஸ் வெல்டிங்கில் அடைக்கலாம். முடியாவிட்டால் புதிது வாங்கலாம். உட்செவியில் பிறவியிலேயே அமைந்த ஏறத்தாழ 15,000 மயிரிழை அணுக்கள் மட்டும் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அவற்றுக்கான பராமரிப்பு விலை மிகச் சிறியது: ஒரு ஜோடி நுரைப்பஞ்சு அடைப்பான், ஆண்டுக்கொரு செவிப் பரிசோதனை, உருளைகளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். மில்லில் ஏதேனும் கொடுத்தார்களா என்று அவரிடம் கேட்டேன். இரண்டாம் முறை சத்தமாகக் கேட்ட பிறகு புரிந்துகொண்டு சிரித்தார். 'பஞ்சு குடுத்தாங்க சார். மெஷின் துடைக்க.'