முன் மூடிக்கு இன்னொரு வழி

பாடப்புத்தகத்தில் பெற்றரிக்கு மின்கலவடுக்கு என்றும் பியூஸுக்கு உருகி என்றும் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரியால் வெளிவந்த நாள் முதல் இந்தச் சொற்களைத்தான் நான் கற்பித்து வருகிறேன். பிள்ளைகளும் பரீட்சைத் தாளில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால், "மின்கலவடுக்கு இறங்கிட்டு" என்று எந்தக் கராஜிலும் ஒருவர் சொல்ல நான் கேட்டதில்லை. என்னுடைய தமிழை இப்படிச் சோதித்துப் பார்த்தது போர்ஷே 911 என்ற காரின் முன் மூடி.

என் இளைய தம்பி கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். கைவேலையில் கெட்டிக்காரன்; ஆங்கிலம்தான் அவனுக்கு இடறும். கோடையில் உரிமையாளர் வெளிநாடு போய்விட, இரண்டு மாதம் அசையாமல் நின்ற கார் ஒன்று அவனிடம் வந்திருந்தது. பெற்றரி முற்றாக இறங்கியிருந்தது. முன்னர் இப்படியொரு காரில் இன்னொரு தொழிலாளி மூடியின் விளிம்பில் ஸ்குரூ டிரைவரை விட்டுக் கிளப்பியிருக்கிறார். பெயின்ற் உரிந்து விளிம்பும் வளைந்துபோக, இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போயிற்று. கைநூலின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தம்பி சொன்னான்:

"காக்கா, இத ஒருக்கா வாசிச்சி தமிழ்ல எழுதி அனுப்புங்க. ஏன்ட சம்பளமும் பெய்த்திரும்."

வாசித்தபோதுதான் சிக்கல் விளங்கியது. 911 இன் எஞ்சின் பின்னால் இருக்கிறது. முன் மூடியின் கீழே பயணப்பெட்டி வைக்கும் இடமும் பெற்றரியும். 2004 இல் வந்த 997 வகையில் அந்த மூடியின் பூட்டு மின்சாரத்தால் திறப்பது. பெற்றரி செத்தால் மூடி திறக்காது. மூடி திறக்காவிட்டால் பெற்றரியைத் தொட முடியாது. சாவியை அலுமாரிக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டிய கதைதான்.

இப்படி நடக்கும் என்று காரைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நான் எழுதி அனுப்பியது ஏறத்தாழ இதுதான். கதவைச் சாவியை நுழைத்துத் திற. கண்ணாடி வழமைபோலக் கொஞ்சம் கீழே இறங்காது, ஆகையால் கதவை மெதுவாக இழு. சாரதியின் கால் வைக்கும் இடத்தில், இடது பக்கச் சுவரில், பியூஸ் பெட்டியின் மூடி இருக்கிறது, அதைக் கழற்று. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு முனை இருக்கும். அதை வெளியே இழு. வேறு பெற்றரியின் நேர் முனையிலிருந்து சிவப்பு வயரை அதில் கொழுவு. மறை முனையின் கறுப்பு வயரைக் கதவின் இரும்புத் தடுப்பில் கொழுவு. கார் பூட்டியிருந்தால் அந்த நேரம் அலாரம் அலறும், பயப்படாதே. ரிமோட்டால் பூட்டைத் திறந்தால் அடங்கிவிடும். பிறகு ரிமோட்டில் முன் மூடிக்குரிய பொத்தானை இரண்டு செக்கன் அளவில் அழுத்திப் பிடி. மூடி விடுபட்டதும் முதலில் கறுப்பு வயரைக் கழற்று.

இந்த முனையிலிருந்து காரை ஸ்ராட் பண்ண முடியாது என்பதை மட்டும் இரண்டு கோடு போட்டு எழுதினேன். எஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும். இது பூட்டைத் திறக்கும் அளவுக்குத்தான்.

முதற்பிரதியில் 'முடிவிடம்' என்றே எழுதினேன். பாடப்புத்தகச் சொல் அது. அனுப்பமுன் அதை வெட்டிவிட்டு 'முனை' என்று போட்டேன். 'உருகிப் பெட்டி' பியூஸ் பெட்டியாயிற்று. 'நேர்', 'மறை' இரண்டையும் விட்டுவைத்தேன். அவற்றை அவன் என் வகுப்பிலேயே படித்தவன்.

மூடி கீறலில்லாமல் திறந்தது. மறுநாள் தம்பி இன்னொரு படம் அனுப்பினான். அது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கார். முன் மூடியின் உட்பக்கத்தில் இருட்டில் ஒளிரும் சிறு திறப்பான் ஒன்று. உள்ளே பெட்டிதானே வைப்பார்கள், உள்ளிருந்து திறப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தான்.

தேடி வாசித்தேன். 1995 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜெனட் ஃபெனல் என்ற பெண்ணையும் அவருடைய கணவரையும் கடத்திச் சென்றவர்கள், அவர்களுடைய காரின் பின் பெட்டியிலேயே அடைத்து வைத்தார்கள். இருவரும் உள்ளே பூட்டின் கம்பியைத் தேடிப் பிடித்துத் தப்பினார்கள். அதன்பின் எல்லாக் கார்களுக்கும் உள்ளிருந்து திறக்கும் வழி வேண்டும் என்று ஃபெனல் விடாமல் போராடினார். 1998 ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும் மட்டும் அங்கே மூன்று சம்பவங்களில் 11 பிள்ளைகள் கார்ப் பெட்டிகளுக்குள் அடைபட்டு இறந்தார்கள். விளையாட்டாக ஏறிய பிள்ளைகள். 2001 செப்டெம்பரிலிருந்து புதிய கார்களில் அந்தத் திறப்பான் சட்டமாயிற்று. முன்னால் பெட்டியுள்ள கார்களும் இதற்குள் அடங்கும்.

இதைத் தம்பிக்கு எழுதவில்லை, தொலைபேசியிலேயே சொன்னேன். அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நம்மட ஊருல ஓடுற பழைய கார்கள்ல இது இரிக்கா காக்கா?" என்று கேட்டான்.

பள்ளிவாசல் தெருவில் மச்சானுடைய பழைய கார் நிற்கிறது. அன்று அஸருக்குப் பிறகு போய் அதன் டிக்கியைத் திறந்து பார்த்தேன். உள்ளே கைபிடி எதுவும் இல்லை. பூட்டை மறைத்து ஒரு தகரம் மட்டும் இருந்தது.