துவர்ப்புக்குப் பேர் போன ஊர்

பிரான்ஸ் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாரிஸில் நாங்கள் இருந்ததே ஒன்றரை நாள்தான்! மீதி நாளெல்லாம் எங்கள் பெண் வேலை பார்க்கும் போர்தோ நகரத்தில். அங்கிருந்து ரயிலேறினால் முக்கால் மணிக்குள் சேன்ட் எமிலியோன் என்ற சின்ன ஊர் வந்துவிடுகிறது. ரெட் ஒயினுக்கு உலகமெல்லாம் பேர் வாங்கிய ஊர்.

"ஒயினா? குடும்பப் பத்திரிகையில் இதென்ன கூத்து?" என்று சகோதரிகள் முகம் சுளிக்கலாம். எங்கள் தெருவிலும் குடி என்றால் ஒரே அர்த்தம்தான். சம்பளம் வீடு வந்து சேராது, தாலிச் சங்கிலி அடகுக்குப் போகும். ஆனால் இன்று நம்மில் பலர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம். சாப்பாட்டு மேஜையில் ஒரு பாட்டில் இருக்கத்தான் செய்கிறது. போதாததற்கு, என்னவருக்கு இரண்டு வருஷம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, "தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் சாப்பிடுங்க சார், ஹார்ட்டுக்கு மருந்து" என்று உபதேசிக்கும் நண்பர்கள் பெருகிவிட்டார்கள். அந்த மருந்து விளையும் இடத்தையே பார்த்துவிடலாமே என்றுதான் 2023 செப்டம்பர் கடைசியில் கிளம்பினோம்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகும் வழியே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில்தான். கம்பம் பக்கம் தலைக்கு மேல் பந்தல் போட்டுக் குலைகள் தொங்குமே, அப்படி இல்லை. கொடிகள் இடுப்பு உயரம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாய் நிற்கின்றன. சில வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். பூஞ்சை நோய் முதலில் ரோஜாவில் தெரிந்துவிடுமாம். அதைப் பார்த்துக் கொடிகளுக்கு மருந்தடிப்பது அந்தக் காலத்து வழக்கமாம். நம் ஊர்க் குடியானவர் கேட்டால் தலையாட்டி ரசிப்பார்.

தோட்டம் சுற்றிக் காட்டிய பெண்மணி ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார். மெர்லோ என்ற ஜாதி. சின்னப் பழம், கருநீலம், உள்ளே கொட்டை. கடித்தால் நல்ல தித்திப்பு. தோலை மென்றதும் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. "அட, இது துவர்ப்பு!" என்றேன். என் பெண் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். முதன்முதல் ரெட் ஒயின் ருசிப்பவர்களில் பாதிப் பேர் புளித்துவிட்டது, கெட்டுவிட்டது என்று வைத்துவிடுவார்களாம். கெடவில்லை, துவர்க்கிறது, அவ்வளவுதான். வாழைப்பூவும் மாதுளம்பிஞ்சும் சமைக்கிற நமக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

கறுப்புத் திராட்சையானாலும் சாறு நிறமில்லாமல்தான் வருகிறது. நசுக்கிய பழத்தைத் தோலும் கொட்டையுமாக ஊறப் போட்டு நுரைக்க விடும்போதுதான் சிவப்பும் துவர்ப்பும் இறங்குகின்றன. பிறகு ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்காக வாசம். ஒரு பீப்பாய்க்கு 225 லிட்டர், அதாவது முந்நூறு பாட்டில். சுத்த சைவர்களுக்கு ஒரு தகவல்: ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய முறை. மிஞ்சும் மஞ்சள்கருவில் பிறந்ததுதான் போர்தோவின் கானெலே என்ற கேக் என்கிறார்கள். எந்த ஊரானாலும் மிச்சத்தை வீணாக்காதவள் வீட்டுக்காரிதான்!

ஊர் முழுக்க மஞ்சள் சுண்ணாம்புக்கல் வீடுகள், வழுக்கும் செங்குத்துச் சந்துகள். முழங்கால் வலிக்காரர்கள் நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். எட்டாம் நூற்றாண்டில் எமிலியோன் என்ற துறவி இங்கே ஒரு குகையில் வாழ்ந்தாராம். பிற்பாடு பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரே பாறையைக் குடைந்து ஒரு மாதா கோயிலையே கட்டியிருக்கிறார்கள். கட்டியிருக்கிறார்கள் என்பது தப்பு, செதுக்கியிருக்கிறார்கள். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அது சட்டென்று சொந்தமாகிவிடுகிறது. 1999-ல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

கல் வெட்டி எடுத்த சுரங்கங்கள்தாம் இன்று ஒயின் அறைகள். உள்ளே இறங்கினால் ஜிலுஜிலு. "ரெட் ஒயினை அறைச் சூட்டில் குடி" என்று சொல்வது இந்தக் கல் வீடுகளை வைத்துத்தான். பதினாறு முதல் பதினெட்டு டிகிரி. நம் ஊர் அறைச் சூடு முப்பத்திரண்டு! அந்தச் சூட்டில் சாராய நெடிதான் தூக்கும். ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும்.

ருசி பார்க்கும் மேஜையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். துப்புவதற்காம்! பாட்டி காலத்து வெற்றிலைப் படிக்கம் நினைவுக்கு வந்தது. இதையே தொழிலாகக் கொண்டவர்கள் விழுங்குவதே இல்லையாம். கோப்பையைக் காம்பில் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மெல்லச் சுழற்றி முதலில் மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, கொப்பளிக்கிறாற்போல் நாலு பக்கமும் ஓடவிட்டு, துப்பிவிடலாம். ருசி முழுக்க மூக்கிலும் நாக்கிலும் கிடைத்துவிடுகிறது. எனக்கு நாவற்பழமும், கொஞ்சம் ஈர மண்ணும் தெரிந்தன. மெர்லோ சற்று மிருது. புதியவர்களுக்கு அதுதான் ஏற்றது என்றார்கள்.

இவர் விடுவாரா? "இது ஹார்ட்டுக்கு நல்லதுதானே?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் சிரித்தார். "ஐயா, நான் விற்பது ஒயின். மருந்து வேண்டுமானால் எதிர்த்தாற்போல் மருந்துக்கடை!"

வெண்ணெய் தின்னும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்பு குறைவாக இருப்பது ரெட் ஒயினால்தான் என்ற பேச்சு, 1991-ல் ஒரு அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சிக்குப் பிறகு உலகமெல்லாம் பரவியது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதிப்பில்லாத அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை எனச் சொல்லிவிட்டது. குறைவாகக் குடித்தாலும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. பிரான்சிலேயே 2007 முதல் ஒவ்வொரு பாட்டிலிலும் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம். எங்கள் டாக்டரும் கிளம்பும்போதே, "குடிக்காதவர் இதயத்துக்காக ஆரம்பிக்கவே வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதனால் இவர் மோந்தார், ருசித்தார், சமர்த்தாக வாளியில் துப்பினார். இன்சுலின் போடுகிறவர்களும், தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அன்று ராத்திரி பெண் வீட்டில் ஒரு பாட்டில் திறந்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே மாப்பிள்ளை அதை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தார். காற்றுப் பட்டால் முரட்டுத்தனம் குறையுமாம். "அம்மா, வெறும் வயித்துல வேண்டாம். முதல்ல ஒரு துண்டு சீஸ் மென்னுக்கோ" என்றாள் பெண். அப்படியே செய்துவிட்டு ஒரு வாய் வைத்தேன். காலையில் நாக்கை இழுத்த துவர்ப்பு எங்கேயோ போய்விட்டது! வாழைப்பூவின் துவர்ப்புப் போக மோரில் போடுகிறோமே, அதே சூட்சுமம். எச்சிலைப் பிடித்து வாயை உலர்த்துகிற துவர்ப்பு, பாலாடையைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடுகிறது. காளான் வறுவல், பனீர், முந்திரி எல்லாம் பொருந்தும். மிளகாய்க் காரம் மட்டும் ஆகாது, எரிச்சல் இரட்டிப்பாகும். ஜாங்கிரி மாதிரி தித்திப்போடும் வேண்டாம், ஒயின் கசந்துபோகும். பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் இரண்டு வாய். மிச்சத்தை கார்க் போட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்தாள். மூன்று நாள் தாங்கும், பிறகு வினிகர் வாடை வந்துவிடும்.

மூன்றாம் நாள் அந்த மிச்சத்தில் சர்க்கரையும் பட்டையும் இரண்டு கிராம்பும் போட்டு, தோல் சீவிய பேரிக்காய்களைச் சிறு தீயில் வேகவிட்டாள். பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பழைய பலகாரமாம். பழம் மாணிக்கக் கல் மாதிரி சிவந்துபோனது. கொதித்தாலும் சாராயம் முழுக்கப் போய்விடாது என்பதால் இவருக்குத் தனியாக, சர்க்கரைப் பாகில் வேகவைத்தாள். வெள்ளைப் பழத்தைத் தட்டில் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், பாவம்.