டிஸ்க் போகிற நாள்

தனி சர்வர் எடுக்கலாமா என்று யோசனை கேட்கிறவர்கள் எத்தனை கோர், எத்தனை ஜிபி ராம் என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: அதில் ஒரு டிஸ்க் போய்விட்டால் அன்றைக்கு என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் வைத்திருப்பவர் எந்தச் சர்வரை எடுத்தாலும் சமாளித்துவிடுவார்.

நான் தமிழ் படித்தவன். கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் சிறு குழுவில் இருக்கிறேன். கட்டளை அடித்து வேலை வாங்கப் பழகியிருந்ததால் சர்வர் பொறுப்பு என்னிடம் வந்தது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இடம் போதவில்லை. கிளவுடில் சேமிக்கிற இடத்துக்கு ஒரு காசு, வாசகர் இறக்கிக்கொள்ளும் ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு காசு. எங்களுடையதெல்லாம் கனமான படக் கோப்புகள். கணக்குப் பார்த்ததில், ஜெர்மனியில் முழு இயந்திரத்தையே மாத வாடகைக்கு எடுப்பதுதான் கட்டுப்படியானது. அவ்வளவு தூரம் தகவல் போய்வர நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். பழைய இதழைப் புரட்டிப் படிக்கிறவருக்கு அது உறைக்காது. கடை நடத்துவதாக இருந்தால் மும்பையில்தான் எடுத்திருப்பேன்.

படத்தை எடுத்து அனுப்புகிற வேலைக்குப் பழைய சியான் ப்ராசஸர் தாராளம். நான் விடாப்பிடியாக நின்றது வேறு விஷயங்களில். பிழை திருத்தும் இசிசி ராம் வேண்டும். இரண்டு 4 டிபி டிஸ்க் ரெயிடு 1 முறையில் இருக்க வேண்டும். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். இயந்திரம் பூட் ஆகாமல் கிடந்தாலும் வெளியிலிருந்து உள்ளே நுழைய ரெஸ்க்யூ வசதி வேண்டும். ராத்திரியிலும் டிக்கெட்டுக்குப் பதில் சொல்ல டேட்டா சென்டரில் ஆள் இருக்க வேண்டும்.

டிஸ்க் போகத்தான் செய்தது. சர்வரே மெயில் அனுப்பியிருந்தது. உள்ளே போய் ரெயிடின் நிலையைப் பார்த்தால், அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும். அந்த அடிக்கோடுதான் செத்த டிஸ்க். தளம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. வாசகர் யாருக்கும் தெரியாது.

இங்கேதான் நிதானம் வேண்டும். டிஸ்க்கைக் கழற்றப்போகிறவர் எங்கோ ஒரு ரேக்கின் முன்னால் நிற்கும் டெக்னீஷியன். ‘முதல் டிஸ்க்’ என்று நாம் எழுதினால் அவருக்கு எது முதல்? உயிரோடு இருப்பதை உருவிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே சீரியல் நம்பரைத்தான் எழுத வேண்டும். செத்த டிஸ்க் சில சமயம் தன் நம்பரைக்கூடச் சொல்லாது. அப்போது நல்ல டிஸ்க்கின் நம்பரைக் கொடுத்து, இதைத் தொடாதீர்கள் என்று எழுத வேண்டும். சர்வர் வந்த அன்றே இரண்டு நம்பரையும் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பூட்லோடரையும் இரண்டிலும் போட்டிருந்தேன். இல்லையென்றால் பிழைத்த டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருந்தும் இயந்திரம் எழுந்திருக்காது.

புது டிஸ்க் மாட்டியாயிற்று, நகலெடுப்பு ஆரம்பித்தது. விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினாலும் 4 டிபி நிரம்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தேன். மிச்சமிருந்த டிஸ்க்கும் அதே நாளில் மாட்டியது, அதே அளவு உழைத்தது. அதை ஒரு மூலை விடாமல் படிக்கச் சொல்வது இப்போதுதான்.

அது தாங்கியது. தாங்காமல் போயிருந்தாலும் இதழ்கள் தப்பியிருக்கும். அதற்குக் காரணம் கோவையில் சர்வர் வேலையிலேயே தலை நரைத்த ஓர் அண்ணன். ஆரம்பத்திலேயே அவரிடம், “பேக்கப் எடுக்கறேன்ணே” என்றேன். “எடுத்தியான்னு நான் கேக்கல தம்பி. எடுத்தத திருப்பி வெச்சுப் பாத்தியா?” என்றார். ரெயிடு இருக்கிறதே என்று இழுத்தேன். “நீ தப்பா ஒரு ஃபோல்டர அழிச்சா, ரெயிடு ரெண்டு பக்கமும் அழிச்சுக் குடுக்கும்” என்றார்.

அவர் சொன்னதற்கு ஊரறிந்த சான்றுகள் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். திரும்ப எடுக்கப் போனபோதுதான், வழக்கமாக ஓட வேண்டிய பேக்கப் வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. அதை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னதற்காக அவர்களை மதிக்கிறேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு இரண்டுமே போயின.

ஆகவே எங்கள் நகல் ஒன்று வேறு நாட்டில் வேறு நிறுவனத்திடம் இருக்கிறது. இன்னொன்று சென்னையில், ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் ஹார்ட் டிஸ்க்காக இருக்கிறது. அவ்வப்போது பழைய லேப்டாப்பில் பேக்கப்பைத் திருப்பி வைத்து, கண்ணை மூடி ஏதாவதோர் இதழைத் தேர்ந்தெடுத்து, பக்கம் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பேன். அதிகப்படியான கவலை என்று இதை யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் ஒரே பிரதியாக வைத்திருந்ததை நம்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சில இதழ்களின் தாள் பிறகு கரையானுக்குப் போய்விட்டது. அவற்றுக்கு இப்போது அந்தப் படக் கோப்பு மட்டும்தான்.

மற்றவை அன்றாட வேலை: பாஸ்வேர்டு நுழைவை மூடிவிட்டு கீ வைத்து நுழைவது, செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப்போடாதது, டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் படிப்பது. ஆபரேடிங் சிஸ்டத்தின் ஆயுளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2029 வரை வரும் என்று நம்பிப் போட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இதையெல்லாம் பார்க்கக் குழுவில் ஆள் இல்லையென்றால், கூடுதலாகக் கொடுத்து மேனேஜ்டு சர்வரே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு; அது இயந்திரத்தில் இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்ததும், நம் கார்டுகளிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்த மாதப் பணம் பலருக்கு நின்றுபோனது. வாடகை வராத சர்வரை நிறுத்தி டிஸ்க்கைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்; அவர்கள் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அந்த மெயிலைப் பார்க்க ஆள் வேண்டுமே. எங்கள் பில் இப்போது என்னோடு இன்னும் இரண்டு பேருக்குப் போகிறது. அவர்களில் ஒருவருக்கு லினக்ஸ் தெரியாது. பணம் கட்டத் தெரியும், சீரியல் நம்பர் எழுதிய நோட்டு எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.